புகை தெரியாத வீடு

ஃபேர்பேங்க்ஸ் ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி. நடுப்பகலின் சாய்ந்த வெயில் சமையலறை மேசையில் விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஓரின், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறார், மீசையெல்லாம் பனி. “புகைபோக்கியில புகையே காணோம்! நீ விறைச்சுப் போயிட்டியோன்னு பதறி ஓடி வரேன், மார்லிஸ்!” மார்லிஸ் அரைக்கைச் சட்டையோடு ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். மூலையில் இருப்பது, கணவன் இறந்தபின் அவளே குழாய் பொருத்திய கணப்படுப்பு; விறகையும் அவளேதான் பிளக்கிறாள். கண்ணாடிக்குள் தீ சோம்பலாகப் புரள்கிறது. அதற்கு மேலே, தேன்கூடு போலத் துளையிட்ட வில்லை செக்கச் சிவந்திருக்கிறது. “புகையையும் அந்த வில்லையே எரிச்சுடுது. காலையில போட்டது வெறும் நாலு கட்டை.” ஓரின் குனிந்து பார்க்கிறார். குளிரங்கியைக் கழற்றுகிறார், பிறகு கம்பளிச் சட்டையையும். “எனக்கும் ஒண்ணு மாட்டித் தருவியா, தாயீ?” மாவுக் கையை இடுப்பில் ஊன்றி நிமிர்கிறாள் அவள். “மாட்டித் தரேன். ஆனா ஈர விறகு போட்டா வில்லை கெட்டுடும்; விறகை முழுசா ஒரு வருஷம் காயப்போடணும். அந்தப் பொறுமை இருக்கா உங்களுக்கு?”