ஒற்றை ரூபாய்

மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை திருமாறன் கப்பலில் ஆபீசர் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். படுக்கை விரிக்கிற வேலை என்று தெரிந்ததும் மாசிலாமணி அந்த வரனை வேண்டாமென்று தட்டிக்கழித்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, மகள் அனுப்பிவைத்த உல்லாசக் கப்பலில், அவருடைய அறைக்குப் படுக்கை விரிக்க வந்தவன் அதே திருமாறன். பெண் பார்க்க வந்த அன்று வாய்நிறைய “மாமா” என்றவன், நான்கு நாளும் “சார்” என்றான். துண்டை அன்னமாக மடித்து மெத்தையில் வைத்துவிட்டுப் போனான்.

இறங்கும் நாள் காலையில் டிப்ஸ் கவரோடு உட்கார்ந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“குடுக்காமப் போனா கஞ்சம்னு நினைப்பான். குடுத்தா, குத்திக்காட்டுறோம்னு நினைப்பான். என்னடி பண்றது?”

“இப்படிக் குடுங்க, நான் போடுறேன்” என்று வாங்கிய மனைவி கோமளம், கல்யாண வீடுகளுக்கு மொய் வைத்த பழக்கத்தில் டாலர் நோட்டுகளோடு ஒரு ரூபாய் நாணயத்தையும் போட்டு ஒட்டிவிட்டாள். அவர் பதறிப் பிரிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

திருமாறன் கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மூலையில் வட்டமாகத் தட்டுப்பட்டதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தான்.

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, மாமா” என்றான்.