பறிமுதல் அத்தை

"அத்தை வர்றாங்க. பொம்மையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க, சீக்கிரம்."

ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்த்த அவள், பிள்ளைகள் இரண்டு பேரையும் உள்ளறைக்கு விரட்டினாள். தோளில் அதே துணிப்பை தொங்க, அத்தை மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

கணவன் சிரித்தான். "வயசானவங்க. ஒரு பொம்மை போனாப் போகுது, விடேன்."

"உங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுல அவங்களுக்குப் பேரே பறிமுதல் அத்தை."

பேர் வைத்தது அவளும் அவள் தம்பியும்தான். அத்தை, அப்பாவின் அக்கா. பஸ் டிப்போவில் வேலை. வருஷம் முழுக்க எட்டிப் பார்க்கமாட்டாள். கிறிஸ்துமஸ் மாதம் பிறந்தால் போதும், பையோடு வாசலில் வந்து நிற்பாள். வீட்டை ஒரு நோட்டம் விடுவாள். கை போன பொம்மை, சக்கரம் கழன்ற வண்டி, எது கண்ணில் பட்டாலும் பைக்குள் போய்விடும்.

"இது இனிமே உங்களுக்கு எதுக்கு? அதான் புதுசு வரப்போகுதே" என்பாள்.

தம்பிக்குப் பல் முளைத்தபோது கடித்துக் கடித்தே விளையாடிய நீல மர வண்டியும் அப்படித்தான் போனது. அன்று அவன் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா அசைந்து கொடுக்கவில்லை.

"அத்தை கேட்டா கொடுத்துடணும்." அத்தோடு பேச்சு முடிந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் எல்லாம் மறந்துபோகும். அப்பாவின் சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாக இருந்த காலம். கேக்கில் முந்திரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய குடையை விரித்துத் தொங்கவிட்டு, அதன் கம்பிகளில் வண்ணக் காகிதம் கட்டினால் அதுதான் மரம். அதற்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பொட்டலங்கள்.

பிரித்ததும் ஒரு வாசனை வரும் பாருங்கள், புத்தம்புது வாசனை! அக்காவும் தம்பியும் மூக்கை வைத்து உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். இன்றைக்கும் கிறிஸ்துமஸ் என்றால் அவளுக்கு அந்த வாசனைதான்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மட்டும் ஏனோ பச்சையை விட்டால் வேறு நிறம் தெரியவில்லை. வண்டி பச்சை, வாத்து பச்சை, பொம்மைக்குப் போட்ட கவுனும் பச்சை. ஒரு வருஷம் திடீரென்று எல்லாம் சிவப்பாக மாறியது. அந்த வருஷம் வந்த தீயணைப்பு வண்டியைத்தான் இப்போது அவள் மகன் உருட்டிக்கொண்டிருக்கிறான்.

அப்படி ஒரு காலையை இந்தத் தடவை தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாதே என்பதுதான் அவள் துக்கம். கணவன் கம்பெனியில் பாதிச் சம்பளம். பொம்மைக் கடைப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. பிள்ளைகளோ தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அத்தை வந்தாள். டீ குடித்தாள். பேசிக்கொண்டே வீட்டை ஒரு நோட்டம் விட்டாள். அவசரத்தில் பிள்ளைகள் கோட்டைவிட்டிருந்தன. நாற்காலிக்கு அடியில் தீயணைப்பு வண்டி.

"அடடா, ஏணி ஒடிஞ்சு போச்சே. இது இனிமே எதுக்கு?"

வண்டி பைக்குள் போனது.

அவளுக்குச் சுருக்கென்றது. "அத்தை, அதைக் கொடுங்க."

"ஏம்மா?"

"எங்ககிட்ட பறிச்சது போதாதா? இந்த வருஷம் என் பிள்ளைங்களுக்குப் புதுசா ஒண்ணும் வரப்போறதில்ல. இருக்கிறதையும் நீங்க தூக்கிட்டுப் போனா, அதுங்க என்ன செய்யும்?"

"வரப்போறதில்லன்னு யார் சொன்னது?"

அவளே பைக்குள் கையை விட்டு வண்டியை இழுத்தாள். வண்டியோடு சேர்ந்து ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு பிரஷ், ஒரு குட்டிப் பெயின்ட் டப்பா எல்லாம் வெளியே வந்து விழுந்தன.

கூடவே அந்த வாசனையும் வந்தது.

அவள் வண்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஏணி ஒடிந்த இடத்தில் சிவப்பு பெயர்ந்திருந்தது. சிவப்புக்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில், பள்ளத்தை அடைத்து வைத்திருந்த பட்டியும் உதிர்ந்து, நீலம். அந்த நீலத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடங்கள்.

தம்பியின் பல்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை டிப்போவில் பஸ்களுக்குப் பெயின்ட் அடித்தவள் என்பது தெரியாத விஷயமா என்ன? பஸ்கள் பச்சையாக ஓடியதும், பிறகு சிவப்பாக மாறியதும் ஊருக்கே தெரியும். இத்தனை வருஷத்தில் இரண்டையும் சேர்த்து யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

"ஏன் அத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லல? நாங்க உங்களை என்னவெல்லாம் சொல்லி..."

"பறிமுதல் அத்தைதானே? அதெல்லாம் அப்பவே என் காதுக்கு வந்தாச்சு." அத்தை குனிந்து உப்புத்தாளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "சொல்லியிருந்தா அது பழைய வண்டிதானேம்மா."

அவள் வண்டியை அத்தையின் பையிலேயே போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"கட்டிலுக்கு அடியில இருக்கிறதையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

மகள் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா? நீதானே ஒளிச்சு வைக்கச் சொன்னே?"

அவள் அசைந்து கொடுக்கவில்லை.

"அத்தை கேட்டா கொடுத்துடணும்."