இன்னும் அழுத்துங்க

"இன்னும் அழுத்துங்க," என்றாள் மனைவி.

கணவனின் கெண்டைக்காலில் கட்டைவிரலைப் பதித்திருந்த பிசியோதெரபிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு மேல அழுத்தினா கன்னிப்போயிடும்மா."

"பரவாயில்ல, அழுத்துங்க."

குப்புறப் படுத்திருந்த கணவன் வாயே திறக்கவில்லை. எண்ணெய் பூசிய விரல்கள் முழங்கால் மடிப்பிலிருந்து மெல்ல நகர்ந்து, குதிகாலுக்கு மேலே ஆழமாக அழுந்தின. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ! விடுய்யா, உயிர் போகுது!" என்று அலறினான் அவன்.

விரல்கள் சட்டென்று விலகின.

"எங்க... எங்க வலிச்சது?" அவள் குனிந்து கேட்டாள்.

"குதிகாலுக்கு மேலடி!" என்றவன் தலையணையில் முகம் புதைத்துத் தேம்பி அழுதான்.

லாரி மோதிய நாளிலிருந்து எட்டு மாதமாக மரத்துக் கிடந்த கால் அது.