முகம் பார்க்காத பிள்ளை

தலைமையாசிரியையின் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் கிடந்த செருப்புகளை என் தங்கை நிறைமதி ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. ஆட்டிசத்தில் ஒரு வகையான ஆஸ்பெர்கரின் அறிகுறிகள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை மேஜையில் வைத்தேன். அந்தம்மா அதைப் பிரிக்காமலேயே டீ டம்ளரை அதன்மேல் வைத்தார். பெயர்ப்பலகையில் பெயரைவிட நீளமாக நாலு பட்டம். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான், அதைப் பார்த்துக் கைகட்டி நின்றேன். வெட்கக்கேடு.

"முகத்தப் பாத்துப் பேசத் தெரியல. மணி அடிச்சா காதப் பொத்திக்குறா. எல்லாம் திமிரு. வீட்ல நாலு போடு போட்டிருந்தா இப்படி வளந்திருக்காது" என்றார், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "டி.சி. தரேன், கூட்டிட்டுக் கிளம்பு."

"லெட்டரப் படிங்க மேடம்."

"எனக்கே பாடம் எடுக்குறியா?" டி.சி. புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

வாசலிலிருந்து நிறைமதியின் குரல் வந்தது. "மிஸ், உங்க செருப்புல வலதுகால் மட்டும் உள்பக்கமா தேஞ்சிருக்கு. போன மாசம் இவ்ளோ இல்ல. முட்டி வலிக்குதா?"

பேனா நின்றது. அவருடைய இடது கை மேஜைக்கடியில் வலது முட்டிக்குப் போனது. அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். நிறைமதி செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.