உள்தாழ்ப்பாள்

“உள்ளே துப்பாக்கி கிப்பாக்கி ஏதும் வச்சிருக்காங்களா?” என்று கேட்டார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்.

“ஃபிளாஸ்க்தான் சார் வச்சிருக்காங்க. டீ உறிஞ்சுற சத்தம் கேக்குது” என்றார் காவலாளி.

முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் தரைத்தளத்தில், உளவியல் பிரிவின் பெரிய அறை உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. வாராவாரம் அங்கே கூடிப் பேசும் பழைய சிப்பாய்கள் காலையிலேயே வந்து உள்ளே புகுந்துகொண்டார்கள். சாமான் தூக்க வந்த ஆட்கள் தள்ளுவண்டிகளோடு நடைவழியில் நின்று கொட்டாவி விட்டார்கள்.

கண்காணிப்பாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த அறைக்குப் புது ஸ்கேன் இயந்திரம் வரப்போகிறது. உளவியல் பிரிவு அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைக்குப் போக வேண்டும். மேலிடம் முடிவு செய்துவிட்ட காரியம். இங்கே என்னடாவென்றால் நரைத்த தலைகள் கூடிக்கொண்டு மல்லுக்கு நிற்கின்றன.

“கூப்பிடுய்யா அந்த டாக்டரம்மாவை!”

உளவியல் பிரிவின் தலைவர் வந்து நின்றார். ஒல்லியான உருவம், நரை கலந்த கொண்டை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். மெதுவாகப் பேசியே மாதக்கணக்கில் கண்காணிப்பாளரின் உயிரை வாங்கியவர்.

“இது நீங்க தூண்டிவிட்டதா டாக்டர்?”

“சத்தியமா இல்ல சார். எனக்கே இப்பதான் தெரியும். ஆனா அவங்க பக்கம் நியாயம் இருக்கு. இந்த அறையில எந்த நாற்காலியில உக்காந்தாலும் வாசல் தெரியும், ஜன்னல் வழியா வானம் தெரியும். அது இருந்தாதான் அவங்களுக்குப் பேச்சே வரும். லாரிக்கார அண்ணனுக்குக் கீழே என்ன ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்க இல்ல?”

பார்த்திருந்தார். இடிந்து விழுந்த பதுங்குகுழிக்குள் உயிரோடு புதைந்து மீண்ட ராணுவ லாரி ஓட்டுநர் அந்த லாரிக்காரர். புது அறையைக் காட்டக் கூட்டிப்போனபோது ஜெனரேட்டர் உறுமியது. மனிதர் படிக்கட்டிலேயே குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டார். ‘போகப் போகப் பழகிடும்’ என்று சொல்லிவிட்டு மேலே வந்தவர் இதே கண்காணிப்பாளர்தான்.

“பழைய பாட்டு வேண்டாம். அவங்களை வெளிய கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா போலீஸ் வந்து கதவை இடிக்கும்.”

டாக்டரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “இடிச்சா, அது போலீஸுன்னு அவங்களுக்குத் தெரியாது சார். திரும்பவும் யுத்தம் வந்துடுச்சுன்னுதான் தெரியும். இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் ஒரு நிமிஷத்துல மண்ணாப் போயிடும்.”

“அப்படின்னா அவங்களை வரச் சொல்லுங்க. அவ்வளவுதான்.”

டாக்டர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “சரி சார். நோயாளிங்க ஒருத்தர்கூட உள்ள இருக்கமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு” என்றார்.

கண்காணிப்பாளருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்த அம்மாள் வாயிலிருந்து ஒருவழியாக ‘சரி’ வந்துவிட்டதே!

டாக்டர் தன் மேசைக்குப் போய்க் கைப்பையையும், மாத்திரை டப்பாவையும், கைபேசி சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வந்தார். சாமான் ஏற்றும் அமளியில் காணாமல் போய்விடும் என்று பயப்படுகிறார் போலும் என்று கண்காணிப்பாளர் நினைத்துக்கொண்டார்.

“நான்தான் வந்திருக்கேன். தனியா வந்திருக்கேன். இப்ப தட்டப்போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கதவைத் தட்டினார். தாழ் விலகியது. அவர் உள்ளே போனதும் மறுபடி விழுந்தது.

கண்காணிப்பாளர் கௌரவத்தைப் பார்க்காமல் கதவில் காதை வைத்தார்.

“மாட்டோம் டாக்டரம்மா! உத்தரவுக்குத் தலையாட்டியே பாதி ஆயுசு போச்சு. இது ஒண்ணுக்கு மட்டும் மாட்டோம்!” என்று ஒரு கட்டைக்குரல் முழங்கியது. எல்லோரும் ‘பீரங்கி’ என்று கூப்பிடும் பழைய ஹவில்தார் அவர்.

அதற்குப் பிறகு டாக்டரின் தணிந்த குரல் மட்டும். என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். “அது எப்படி டாக்டரம்மா, எங்களுக்கு மனசு வரல” என்று இன்னொருவர் தழுதழுத்தார். அந்தத் தணிந்த குரல் விடவில்லை. நெடுநேரம் பேசிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது.

லாரிக்காரர் முதலில் வந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராக, ஊன்றுகோலோடும் ஃபிளாஸ்கோடும் வந்தார்கள். கண்காணிப்பாளர் முகத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியாக வந்த பீரங்கி வாசலில் திரும்பி, விறைத்து நின்று அறையைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். பாவம், அறையை விட்டுப் பிரிய மனமில்லை போலிருக்கிறது.

“அப்பாடா!” என்று பெருமூச்சு விட்டார் கண்காணிப்பாளர். சாமான் ஆட்களுக்குக் கை காட்டினார். “ரொம்ப நன்றி டாக்டர். பதமாச் சொன்னா எல்லாரும் கேக்கத்தான் செய்யறாங்க, பாத்தீங்களா? நீங்களும் வந்துடுங்க, ஆளுங்க உள்ள போகணும்.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. கனமான மேசை ஒன்று தரையில் தேய்ந்து இழுபட்டு, கதவில் வந்து முட்டி நின்றது.

“டாக்டர்! என்ன செய்யறீங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறீங்களா? உங்க வேலையே போயிடும்!”

உள்ளேயிருந்து அந்த மெதுவான குரல் வந்தது.

“இப்பக் கூப்பிடுங்க சார், போலீஸை.”