பெரும்புள்ளி

"ஒவ்வொரு தடவையும் ஈஸ்ட் தட்டுலேர்ந்து எந்தப் புள்ளியை எடுத்து அடுத்த தட்டுல வளர்த்தேம்மா?" என்று கேட்டார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா.

வாய்மொழித் தேர்வில் இதைவிட லேசான கேள்வி கிடையாது. ஆய்வு மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதைத் தாண்டினால் பட்டம்.

"பெருசா, கொழுகொழுன்னு இருந்ததை, மேடம்."

பக்கத்தில் பேராசிரியர் தலையாட்டினார். சிறியதைத் தொடுவது அவருக்குப் பிடிக்காது. ஈஸ்ட்டானாலும் சரி, மனிதரானாலும் சரி.

அவர் புகழே அந்தத் தட்டுகளில் முளைத்ததுதான். தட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே செல்லிலிருந்து பெருகிய ஈஸ்ட் கூட்டம். ஈஸ்ட் செல் பிரியப் பிரிய அதன் குரோமோசோம் நுனி தேயும்; ஒரேயடியாகத் தேய்ந்தால் செல் சாகும். தேய்ந்ததை நீட்டிக் கொடுப்பது டெலோமரேஸ் என்கிற நொதி. அதோடு கூடி வேலை செய்யும் புரதங்களில் ஒன்று வெறும் தண்டச்சோறு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதை நீக்கியும் ஈஸ்ட் சாகவில்லை, பாருங்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். மாணவியின் ஆய்வு அதற்குப் போட்ட ஜால்ரா.

தேர்வாளர் நிதானமாகச் சொன்னார். அந்தப் புரதம் இல்லாவிட்டால் முக்கால்வாசிப் புள்ளிகள் சூம்பிச் சாகும். குறுக்குவழி கண்டுபிடித்துப் பிழைத்த ஒன்றிரண்டுதான் கொழுக்கும். அதையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தால் எதுவும் சாகாதுதான்.

மாணவி பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாள்.

பேராசிரியர் சட்டென்று கட்சி மாறினார். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத்தான் சொல்லிக்கொடுத்தாராம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் காதில் வாங்குவதில்லையாம்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பட்டம் போனால் போகிறது என்று வாயைத் திறந்தாள்.

"பெருசை எடுக்கச் சொன்னதே சார்தான், மேடம். முன்னாடி இங்க இருந்த ஒரு அக்கா சின்னதையும் சேர்த்து எடுத்தாங்களாம். முக்காவாசி செத்துப்போச்சாம். கைராசி இல்லாத பொண்ணுன்னு சார் வெளியே அனுப்பிட்டாராம்."

பேராசிரியர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அப்படி யாரோ ஒருத்தி, பேர்கூட ஞாபகம் இல்லை என்றார்.

தேர்வாளர் மாணவியின் பக்கம் திரும்பினார். சின்னதையும் சேர்த்து மறுபடி செய்து கொண்டு வா, பட்டம் தருகிறேன் என்றார்.

பிறகு பேராசிரியரைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லாததாலதானே சார், என்னையே தேர்வாளரா கூப்பிட்டீங்க."