படத்துக்குச் சொந்தக்காரர்

கடை திறப்பு விழாவுக்கு முதல் ஆளாக வந்து நின்றவள் ஜெயக்கொடிதான்.

தாம்பரம் மார்க்கெட் தெருவில் நீலவேணி கூந்தல் தைலத்தின் புதுக் கடை. வாசலுக்கு மேலே ஆளுயர போர்டு. போர்டில் அவள்.

எண்பத்தாறில், வளைகாப்பு அன்று ஸ்டூடியோவில் எடுத்த படம். முகம் நேராக, பின்னால் நிறுத்திய கண்ணாடியில் முழங்கால் வரை ஜடை.

விற்றது பொன்னுரங்கம். கட்டிய பெண்டாட்டியை விட்டுவிட்டு ஊரப்பாக்கத்தில் வேறு குடித்தனம் நடத்துகிற மனுஷன், அவள் படத்தை மட்டும் விடாமல் வைத்திருந்து காசாக்கிவிட்டான்.

வக்கீல் ஞானசௌந்தரி சட்டப் புத்தகத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினாள். காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவர்தான் படத்துக்குச் சொந்தக்காரராம். ஸ்டூடியோவில் காசு கொடுத்தது பொன்னுரங்கம். வழக்குப் போடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும்.

ஜெயக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாக்கடையில் மிதக்கும் காலி பாட்டிலில்கூட அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை இன்னும் எத்தனை வருஷம் பார்ப்பது? அந்தப் படம் இறங்கியாக வேண்டும்.

கல்கண்டுத் தட்டோடு வெளியே வந்த மேனேஜர் வைத்தீஸ்வரன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை ஆபீசிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பியவர்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட எழுதிக் கையெழுத்து வாங்கித்தாம்மா போட்டிருக்கோம். தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க" என்றார், குரலைத் தாழ்த்தி.

"நான் இன்னா சார் பண்ணேன்? எல்லாரையும் மாதிரி தைலம் வாங்க வந்துகீறேன்."

சொன்னபடியே தள்ளித்தான் நின்றாள். சரியாக போர்டுக்குக் கீழே.

திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் போர்டைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. மறுபடி போர்டைப் பார்த்தது.

"ஏம்மா, மேல கீறது நீதானா?" என்று கேட்டாள் முன்னால் நின்ற ஒரு பெண்.

"நானேதான்க்கா" என்றாள் ஜெயக்கொடி, பின்வரிசைக்கும் கேட்கும்படி.

அந்தப் பெண் கையில் எடுத்த பாட்டிலை மேஜையிலேயே வைத்துவிட்டாள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தெரு வரைக்கும் போயிற்று.

மேனேஜர் தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு, ஏணி கொண்டுவரச் சொல்லி உள்ளே ஓடினார்.

ஜெயக்கொடி நகரவில்லை. விடிந்ததும் குன்றத்தூர் முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து நேராக இங்கேதான் வந்திருந்தாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை.